எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தும் டாக்: பொருந்துவது வேறு, வேலை செய்வது வேறு

ஒரே ஒரு கேபிளைச் சொருகினால் போதும், இரண்டு மானிட்டர், கீபோர்டு, மவுஸ், இணையம், சார்ஜ் எல்லாமே லேப்டாப்புக்கு வந்துவிடும் என்று சொல்லித்தான் டாக்கிங் ஸ்டேஷனை விற்கிறார்கள். பொய் இல்லை, இன்றைக்கு என் மேஜையில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் நான் முதன்முதலில் வாங்கிய டாக்கில் நடந்த கதை வேறு. பெட்டியில் பெரிய எழுத்தில் ‘யுனிவர்சல்’ என்று போட்டிருந்தது, பின்னால் மானிட்டர் மாட்ட இரண்டு ஹெச்டிஎம்ஐ போர்ட் இருந்தது. சொருகினேன். கீபோர்டு வேலை செய்தது, மவுஸ் வேலை செய்தது, பென்டிரைவ்கூடத் திறந்தது. மானிட்டர் இரண்டும் மட்டும் ‘சிக்னல் இல்லை’ என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டன. ஒரு மாலை முழுக்கக் கேபிளை மாற்றி மாற்றிச் சொருகி, டாக்கைத் திட்டித் தீர்த்த பிறகுதான் தெரிந்தது, கோளாறு டாக்கில் இல்லை. என் பழைய லேப்டாப்பின் அந்தப் போர்ட்டிலிருந்து படமே வெளியே வராது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

டாக் பற்றி நடக்கும் குழப்பத்தில் முக்கால்வாசி இதுதான். டாக் எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை (ஒரே ஒரு வகை மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு, பின்னால் வருகிறது). லேப்டாப் ஒரு போர்ட் வழியாக என்ன அனுப்புகிறதோ அதைப் பிரித்துப் பல போர்ட்டுகளுக்குக் கொடுக்கிறது, அவ்வளவே. அதனால் டாக் வாங்குகிற வேலை டாக்கைப் பார்ப்பதில் தொடங்கக் கூடாது, லேப்டாப்பின் பக்கவாட்டைப் பார்ப்பதில் தொடங்க வேண்டும்.

## டாக் எங்கே, ஹப் எங்கே

ஒரு காலத்தில் டாக் என்றால் பெரும்பாலும் ஒரு லேப்டாப்புக்கென்றே செய்ததாக இருந்தது. 1992-இல் ஆப்பிள் கொண்டுவந்த பவர்புக் டுவோவுக்கு ஒரு டாக் இருந்தது, வீடியோ கேசட்டை பிளேயருக்குள் தள்ளுவது மாதிரி லேப்டாப் முழுவதையும் அதற்குள் தள்ள வேண்டும். பிறகு வந்த அலுவலக லேப்டாப்புகளில் அடிப்பக்கத்தில் ஒரு நீள இணைப்பு இருக்கும், டாக்கின் மேல் வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். மிக உறுதியான ஏற்பாடு. ஆனால் லேப்டாப் மாடல் மாறினால் டாக்கைப் பரணில் போட வேண்டியதுதான்.

2014-இல் யூஎஸ்பி-சி வந்த பிறகு நிலைமை மாறியது. எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் நுழையும் அந்தச் சின்ன முட்டை வடிவப் போர்ட் எல்லா நிறுவன லேப்டாப்பிலும் வர ஆரம்பித்ததும், ஒரே டாக்கை எல்லாருக்கும் விற்கலாம் என்றானது. ‘யுனிவர்சல்’ என்ற சொல்லும் பெட்டிகளில் பெருகியது.

ஹப் என்பதும் டாக் என்பதும் கடைகளில் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதப்படுகின்றன. நான் வைத்துக்கொள்ளும் வித்தியாசம் இது: ஹப்புக்குச் சொந்தமாக மின்சாரம் கிடையாது, லேப்டாப்பிடம் வாங்கித்தான் ஓடும், பைக்குள் போட்டுக்கொண்டு போகலாம். டாக்குக்குச் சொந்த அடாப்டர் உண்டு, மேஜையிலேயே கிடக்கும், லேப்டாப்புக்கே அது சார்ஜ் கொடுக்கும். மேஜையில் நிரந்தரமாக வைக்கப் போகிறீர்கள், மானிட்டரும் இரண்டு என்றால் டாக்தான். ஒரு மானிட்டரும் ஒரு பென்டிரைவும் போதும் என்பவர் டாக் வாங்குவது வீண் செலவு.

## ஒரே வாசல், உள்ளே வேறு வேறு வீடு

யூஎஸ்பி-சி என்பது வெறும் வடிவம். இந்த ஒரு வரியை மனதில் பதித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. ஒரு தெருவில் பத்து வீட்டுக்கும் ஒரே மாதிரிக் கதவு போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள், கதவைப் பார்த்து உள்ளே எத்தனை அறை என்று சொல்ல முடியுமா? யூஎஸ்பி-சி போர்ட்டும் அப்படித்தான். அதன் பின்னால் கீழே சொல்பவற்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

தகவல் அநேகமாக எல்லாவற்றிலும் போகும். பென்டிரைவ், கீபோர்டு எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. வேகம் மட்டும் மாறும், நொடிக்கு 5 கிகாபிட், 10 கிகாபிட் என்று. (இந்த 5 கிகாபிட்டுக்கு யூஎஸ்பி 3.0, யூஎஸ்பி 3.1 ஜென் 1, யூஎஸ்பி 3.2 ஜென் 1 என்று மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்றும் ஒன்றுதான். பெயர் வைத்தவர்களைக் கேட்கத்தான் வேண்டும். நீங்கள் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பாருங்கள்.)

படம் எல்லாவற்றிலும் போகாது. மானிட்டருக்கான சிக்னலை யூஎஸ்பி-சி போர்ட் வழியாகவே அனுப்பும் வசதிக்கு ஆல்ட் மோட் என்று பெயர். போர்ட்டில் இருக்கும் கம்பிகளில் சிலவற்றை யூஎஸ்பி வேலையிலிருந்து விடுவித்து, டிஸ்ப்ளேபோர்ட் என்ற பட சிக்னலுக்குக் கொடுத்துவிடுவதுதான் இது. என் பழைய லேப்டாப்பில் இல்லாதது இதுதான்.

சார்ஜும் எல்லாவற்றிலும் வராது. யூஎஸ்பி-சி போர்ட் வழியாக லேப்டாப்புக்கு மின்சாரம் ஏற்றும் ஏற்பாட்டுக்குப் பவர் டெலிவரி என்று பெயர். சில லேப்டாப்பில் இரண்டு யூஎஸ்பி-சி போர்ட் இருக்கும், அதில் ஒன்றில் மட்டும் சார்ஜ் ஏறும்.

இவற்றுக்கு மேலே தண்டர்போல்ட் என்று ஒன்று. அதே வடிவம்தான், ஆனால் நொடிக்கு 40 கிகாபிட்டோ அதற்கு மேலோ போகும் அகலமான பாதை. தண்டர்போல்ட் 4 என்ற முத்திரை வாங்க வேண்டுமானால் குறைந்தபட்சம் இரண்டு 4கே மானிட்டருக்காவது (புள்ளிகள் மிக நெருக்கமான திரை, கணக்கு கீழே வருகிறது) படம் கொடுத்தாக வேண்டும் என்று விதியே இருக்கிறது. யூஎஸ்பி4 என்பது தண்டர்போல்ட்டின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. தொழில்நுட்பம் பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் தண்டர்போல்ட் 4-இல் கட்டாயமாக இருப்பவற்றில் சில இதில் நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கின்றன.

உங்கள் போர்ட் எந்த ரகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? போர்ட்டுக்குப் பக்கத்தில் பொடி அடையாளம் இருக்கிறதா பாருங்கள். மின்னல் அம்பு இருந்தால் தண்டர்போல்ட். ஆங்கில ‘டி’ எழுத்துக்குள் ‘பி’ எழுத்து நுழைந்த மாதிரி ஒரு குறி இருந்தால் படம் போகும். பேட்டரி அல்லது பிளக் படம் இருந்தால் சார்ஜ் ஏறும். அடையாளமே இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை, நிறைய நிறுவனங்கள் குறி போடுவதில்லை, அப்போது லேப்டாப்பின் முழு மாடல் எண்ணைத் தேடி, நிறுவனத்தின் தளத்தில் இருக்கும் விவரப் பட்டியலைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மாடல் பெயர் மட்டும் போதாது, எண் முக்கியம். ஒரே பெயரில் விற்கும் இரண்டு லேப்டாப்பில் போர்ட் வேறாக இருப்பது சாதாரணம்.

இதுவரை பார்த்தது: வடிவம் ஒன்று, திறமை வேறு. தகவல், படம், சார்ஜ் மூன்றும் உங்கள் போர்ட்டில் இருக்கிறதா என்று தெரியாமல் டாக் தேட ஆரம்பிக்க வேண்டாம்.

## படம் ஏன் இவ்வளவு இடம் பிடிக்கிறது

இரண்டு மானிட்டரும் வந்துவிட்டது, ஆனால் ஒன்றில் மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகிறது என்று பலர் புகார் சொல்வார்கள். காரணம் புரிய ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை.

திரை என்பது புள்ளிகளின் கூட்டம். ஃபுல் ஹெச்டி மானிட்டரில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080, மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளி. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட் வேண்டும். நொடிக்கு 60 தடவை முழுத் திரையையும் புதிதாக வரைகிறது. பெருக்கிப் பார்த்தால் நொடிக்குச் சுமார் 3 கிகாபிட். 4கே மானிட்டரில் புள்ளிகள் இதைப்போல் நான்கு மடங்கு, ஆகவே 12 கிகாபிட். நொடிக்கு எத்தனை தடவை வரைகிறது என்பதைத்தான் ஹெர்ட்ஸ் என்கிறார்கள். 60 ஹெர்ட்ஸை 30 ஆகக் குறைத்தால் 4கே-வுக்கும் 6 கிகாபிட் போதும், ஆனால் அப்போதுதான் அந்த அம்பு தத்துகிறது.

இப்போது பாதையைப் பார்ப்போம். யூஎஸ்பி-சி கேபிளுக்குள் வேகமான தகவலுக்கென்று நான்கு தடம் இருக்கிறது. தடம் என்பது ஒரு ஜோடிக் கம்பி, நான்கு வழிச் சாலையில் ஒரு வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்ட் மோடில் இயங்கும் டாக் பெரும்பாலும் இரண்டு தடத்தைப் படத்துக்கும் இரண்டு தடத்தை யூஎஸ்பிக்கும் பங்கு போடும். நான்கையும் படத்துக்கே கொடுத்துவிடும் டாக்கும் உண்டு, அதில் படம் நன்றாக வரும், ஆனால் யூஎஸ்பி போர்ட்டுகள் எல்லாம் 480 மெகாபிட்டுக்கு, அதாவது பழைய யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறங்கிவிடும். கீபோர்டுக்கு அது ஏராளம். வெளி டிஸ்க்கில் பெரிய கோப்புகளைப் போட்டு எடுப்பவருக்கு நரகம்.

லேப்டாப்பில் இருப்பது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்றால், இரண்டு தடத்தில் படத்துக்குக் கிடைப்பது 8.64 கிகாபிட். 12 அதில் அடங்காது. அதனால்தான் அந்த டாக்குகளில் 4கே போட்டால் 30 ஹெர்ட்ஸ். ஆனால் இரண்டு ஃபுல் ஹெச்டி போட்டால் 3-உம் 3-உம் ஆறு, தாராளமாக உட்காரும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்றால் அதே இரண்டு தடத்தில் 12.96 கிகாபிட், ஒரு 4கே 60 ஹெர்ட்ஸில் மயிரிழையில் நுழைந்துவிடும், இரண்டாவது 4கே நுழையாது. (படத்தைச் சுருக்கி அனுப்பும் வசதி லேப்டாப்பிலும் டாக்கிலும் இருந்தால் இரண்டாவதும் நுழையும், விவரப் பட்டியலில் டிஎஸ்சி என்று எழுதியிருப்பார்கள்.)

டாக்கின் பெட்டியில் ‘இரண்டு 4கே 60 ஹெர்ட்ஸ்’ என்று எழுதியிருப்பதை இப்போது வேறு கண்ணால் பார்ப்பீர்கள். அது டாக்கால் முடிந்த உச்சம். லேப்டாப்பால் முடிந்தது, டாக்கால் முடிந்தது இரண்டில் எது குறைவோ, அதுதான் உங்களுக்குக் கிடைக்கும். மானிட்டர் பக்கமும் இதே கதைதான்: ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட் மட்டும் உள்ள பழைய 4கே மானிட்டர், எந்த டாக்கில் மாட்டினாலும் 30 ஹெர்ட்ஸைத் தாண்டாது.

## இரண்டாவது மானிட்டருக்கு மூன்று வழி

லேப்டாப்பிலிருந்து வெளியே வருவது ஒரு கேபிள். அதிலிருந்து இரண்டு வேறு வேறு படம் எப்படி வருகிறது? டாக்குகள் இங்கேதான் உண்மையில் பிரிகின்றன. விலை வித்தியாசமும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

முதல் வழி எம்எஸ்டி. ஒரே டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலுக்குள் இரண்டு மூன்று மானிட்டருக்கான படத்தைப் பொட்டலம் கட்டி அனுப்புவதற்கு அந்தப் பெயர். டாக்குக்குள் இருக்கும் சிப் பொட்டலத்தைப் பிரித்து அவரவர் மானிட்டருக்குக் கொடுக்கிறது. டிரைவர், அதாவது கூடுதல் மென்பொருள், எதுவும் வேண்டாம். விண்டோஸில் சிக்கல் இல்லாமல் ஓடும். ஆனால் மேக் இந்தப் பொட்டல முறையை ஏற்பதில்லை. மேக்புக்கை எம்எஸ்டி டாக்கில் சொருகினால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் தெரியும். டாக் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். பாவம், டாக்கின் மேல் தப்பில்லை.

இரண்டாவது வழி டிஸ்ப்ளேலிங்க். நான் மேலே சொன்ன விதிவிலக்கு இதுதான். இதில் லேப்டாப்பின் பட சிக்னலே தேவையில்லை. லேப்டாப்பில் நிறுவிய டிரைவர், திரையில் மாறும் பகுதிகளைப் படமாக எடுத்துச் சுருக்கி, சாதாரண யூஎஸ்பி தகவலாக அனுப்புகிறது. டாக்கில் இருக்கும் சிப் அதை விரித்து மானிட்டருக்குக் கொடுக்கிறது. கோப்பை மடித்துத் தபாலில் போட்டு அங்கே பிரித்துப் படிப்பது மாதிரி. அதனால் ஆல்ட் மோடே இல்லாத போர்ட்டிலும், பழைய செவ்வக யூஎஸ்பி போர்ட்டிலும்கூட மானிட்டர் ஓடும். ‘யுனிவர்சல்’ என்ற சொல்லுக்கு உண்மையில் கிட்டத்தில் வருவது இந்த வகைதான்.

விலை இல்லாமல் எதுவும் வராது, இதற்கு விலை லேப்டாப்பின் மூளை. சுருக்கும் வேலையைப் பிராசசரும் கிராபிக்ஸும் சேர்ந்து செய்ய வேண்டும், மின்விசிறி கொஞ்சம் அதிகம் சத்தம் போடலாம். எழுத்து, கணக்குத் தாள், மின்னஞ்சல், இவற்றுக்கு வித்தியாசமே தெரியாது. வேகமான விளையாட்டு விளையாட நினைப்பவர் இந்தப் பக்கமே வர வேண்டாம். மேக்கில் இந்த டிரைவர் ‘திரையைப் பதிவு செய்ய அனுமதி’ கேட்கும், ஏதோ உளவு மென்பொருள் என்று பயந்து மறுத்துவிடாதீர்கள், படம் எடுத்து அனுப்புவதுதான் அதன் வேலையே. அதே காரணத்தால், திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதைத் தடுக்கும் பூட்டு போட்ட திரைப்படத் தளங்களை மேக்கில் திறந்தால், படம் இருக்க வேண்டிய இடம் கறுப்பாகத் தெரியலாம். அலுவலக லேப்டாப் என்றால் இன்னொரு தடை, டிரைவர் நிறுவ உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி தண்டர்போல்ட். பாதையே அகலம் என்பதால் இரண்டு தனித்தனி பட சிக்னலை அப்படியே அனுப்பிவிடலாம், மடிக்கவும் வேண்டாம், பொட்டலமும் வேண்டாம். விண்டோஸிலும் மேக்கிலும் நன்றாக ஓடும். விலை அதிகம், லேப்டாப்பிலும் தண்டர்போல்ட்டோ யூஎஸ்பி4-ஓ இருக்க வேண்டும். சாதாரண யூஎஸ்பி-சி லேப்டாப்பில் தண்டர்போல்ட் டாக்கைச் சொருகினால் சில டாக் பாதித் திறமையோடு ஓடும், சில ஓடவே ஓடாது.

கடைசியாக ஒன்று, இதை எந்த டாக் விளம்பரமும் சொல்லாது. எத்தனை மானிட்டர் என்பதற்கு லேப்டாப்பின் சிப்பிலேயே ஒரு வரம்பு இருக்கிறது. ஆப்பிளின் எம்1, எம்2 சிப் போட்ட மேக்புக் ஏர் வெளி மானிட்டர் ஒன்றுக்குத்தான் படம் கொடுக்கும். எம்3 வந்தபோது மூடியை மூடி வைத்தால் இரண்டு என்றார்கள். எம்4-இல்தான் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு வந்தது. எம்1 வைத்திருப்பவர் எவ்வளவு விலை உயர்ந்த தண்டர்போல்ட் டாக் வாங்கினாலும் அதன் வழியாக இரண்டாவது மானிட்டர் வராது. டிஸ்ப்ளேலிங்க் டாக்கில் வந்துவிடும், ஏனென்றால் அது சிப்பிடம் பட சிக்னல் கேட்பதே இல்லை.

சுருக்கமாக: விண்டோஸ், ஆல்ட் மோட் உண்டு என்றால் எம்எஸ்டி டாக் போதும். மேக்கும் விண்டோஸும் மாறி மாறி வரும் மேஜை என்றால், அல்லது போர்ட்டில் படமே வராது என்றால் டிஸ்ப்ளேலிங்க். லேப்டாப்பில் மின்னல் குறி இருந்து, கையில் காசும் இருந்தால் தண்டர்போல்ட்.

## வாட் கணக்கு

பவர் டெலிவரியில் ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது. கேபிளைச் சொருகியதும் டாக் முதலில் 5 வோல்ட் மட்டும் கொடுக்கும். ‘என்னால் 9, 15, 20 வோல்ட் வரை இவ்வளவு தர முடியும்’ என்று பட்டியல் நீட்டும். லேப்டாப் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதனால் பெரிய வாட் டாக்கில் சின்ன லேப்டாப்பைச் சொருகினால் எரிந்துவிடும் என்ற பயம் தேவையில்லை, கேட்டதற்கு மேல் அது ஊட்டாது. ஆபத்து இல்லை, ஆனால் ஏமாற்றம் எதிர்ப்பக்கம் இருக்கிறது: 100 வாட் தேவைப்படும் லேப்டாப்புக்கு 60 வாட் டாக் கிடைத்தால், சார்ஜ் மெதுவாக ஏறும், கனமான வேலை செய்யும்போது சொருகி இருக்கும்போதே பேட்டரி இறங்கும்.

உங்கள் லேப்டாப்போடு வந்த சார்ஜரின் வயிற்றுப் பக்கம் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். சில சார்ஜரில் வோல்ட்டும் ஆம்பியரும் மட்டும் இருக்கும், இரண்டையும் பெருக்கினால் வாட், 20 வோல்ட்டும் 3.25 ஆம்பியரும் 65 வாட். டாக் அந்த அளவாவது லேப்டாப்புக்குக் கொடுக்க வேண்டும். இங்கேதான் விளம்பரம் சறுக்கும். டாக்கின் அடாப்டரில் இருக்கும் எண் முழுவதும் லேப்டாப்புக்குப் போவதில்லை, டாக் தன் சாப்பாட்டுக்கும் யூஎஸ்பி போர்ட்டுகளுக்கும் ஒரு பங்கை எடுத்துவைத்துக்கொள்ளும். ‘லேப்டாப்புக்கு இத்தனை வாட்’ என்று தனியாக எழுதியிருக்கும் எண்ணைத் தேடுங்கள்.

நிறுவனத்தின் சொந்த டாக்குகளில் இன்னொரு நுணுக்கம். டெல் டபிள்யூடி19 டாக், டெல் லேப்டாப் என்றால் 130 வாட் வரை தரும், மற்ற நிறுவன லேப்டாப் என்றால் 90 வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். பொது விதிப்படி பவர் டெலிவரியின் உச்சம் வெகுகாலம் 100 வாட்டாக இருந்தது, 2021-இல் அதை 240 வாட்டாக உயர்த்தினார்கள், ஆனாலும் சந்தையில் இருக்கும் டாக்குகளில் பெரும்பாலானவை 100-க்குள்தான். 180, 230 வாட் சார்ஜர் வைத்திருக்கும் விளையாட்டு லேப்டாப்காரர்கள் டாக்கை மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் வைத்துக்கொண்டு, தங்கள் தடி சார்ஜரைத் தனியாகச் சொருகிக்கொள்வதுதான் நிம்மதி.

## கேபிள் என்னும் கள்ளன்

கைபேசி சார்ஜரோடு வந்த யூஎஸ்பி-சி கேபிள் இருக்கிறதே, அதில் பெரும்பாலும் வேகத் தடங்களே கிடையாது. சார்ஜ் ஏறும், மெதுவாகத் தகவல் போகும், படம் போகாது. வெளியிலிருந்து பார்த்தால் டாக் கேபிளும் அதுவும் இரட்டைப் பிள்ளைகள். 60 வாட்டுக்கு மேல் மின்சாரம் போக வேண்டுமானால் கேபிளுக்குள் ‘நான் 5 ஆம்பியர் தாங்குவேன்’ என்று சொல்லும் ஒரு பொடி சிப் இருக்க வேண்டும், அது இல்லையென்றால் 100 வாட் டாக்கும் 60-இல் நின்றுவிடும். டாக்கோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். குட்டையாக இருக்கிறதே என்று நீளமான ஒன்றை வாங்கிச் சொருகிய பிறகு திரை விட்டு விட்டு வந்தால், முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழ வேண்டும். சாதாரணக் கம்பியிலேயே 40 கிகாபிட் போகும் தண்டர்போல்ட் 3 கேபிள்கள் 80 செண்டிமீட்டர் நீளத்தோடு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது, கம்பி நீள நீளச் சிக்னல் தேய்கிறது.

மானிட்டர் பக்கக் கேபிளிலும் ஒரு பொறி. ஒரு முனை டிஸ்ப்ளேபோர்ட், மறு முனை ஹெச்டிஎம்ஐ என்று விற்கும் கேபிள்கள் அநேகமாக ஒருவழிப் பாதை. டிஸ்ப்ளேபோர்ட் முனை டாக்கில், ஹெச்டிஎம்ஐ முனை மானிட்டரில் என்றால் வேலை செய்யும். திருப்பிப் போட்டால் செய்யாது.

## பொருத்தும் நாள்

வந்த டாக்கை உடனே சொருகாமல், முதலில் லேப்டாப்பின் பயாஸ் (லேப்டாப்பை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள்), கிராபிக்ஸ் டிரைவர் இரண்டையும் புதுப்பித்துவிடுங்கள். டாக்குக்கும் ஃபெர்ம்வேர், அதாவது உள்ளே எரித்து வைத்த மென்பொருள், இருக்கும். புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் தூங்கி எழுந்த லேப்டாப் மானிட்டரை அடையாளம் கண்டுகொள்ளாத நோய்களில் பாதி இதில் சரியாகிவிடும்.

டாக்கின் அடாப்டரைச் சொருகி, மானிட்டர்களை மாட்டி, கீபோர்டு, மவுஸ், இணையக் கேபிள் எல்லாம் போட்ட பிறகு கடைசியாக லேப்டாப்பைச் சொருகுவது என் வழக்கம். டிஸ்ப்ளேலிங்க் என்றால் அதற்கு முன்பே டிரைவர் நிறுவியிருக்க வேண்டும். அப்புறம் திரை அமைப்புக்குப் போய் மூன்று விஷயம் பாருங்கள். விரிவாக்கு என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறதா, இல்லை ஒரே படத்தை நகல் எடுக்கிறதா? திரைப் பெட்டிகள் மேஜையில் இருக்கும் அதே வரிசையில் இருக்கின்றனவா, இல்லாவிட்டால் மவுஸ் அம்பு வலப்பக்கம் போக வேண்டியது இடப்பக்கம் போகும். மூன்றாவது, புதுப்பிப்பு வேகம் 60 ஹெர்ட்ஸில் நிற்கிறதா? வாங்கியதில் 60 கிடைக்கும் என்று தெரிந்தும் 30-இல் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகக் கண் வலியோடு வேலை பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

மூடியை மூடி வைத்து வேலை செய்ய விரும்பினால், விண்டோஸில் மின் அமைப்புக்குள் போய் மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று மாற்ற வேண்டும். மேக்கில் சார்ஜும் வெளி கீபோர்டும் மவுஸும் இருந்தால் தானாகவே ஓடும். சத்தம் திடீரென்று காணாமல் போனால் பதற வேண்டாம். லேப்டாப் ஒலியை மானிட்டருக்கோ டாக்கின் ஹெட்போன் துளைக்கோ திருப்பிவிட்டிருக்கும், ஒலி அமைப்பில் மாற்றினால் வந்துவிடும்.

டாக்கின் யூஎஸ்பி போர்ட்டுகள் எல்லாம் லேப்டாப்புக்குப் போகும் அந்த ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதை மறக்காதீர்கள். வெளி டிஸ்க்கில் பெரிய நகல் ஓடும்போது கேமராப் படம் திணறினால் இதுதான் காரணம், டிஸ்க்கை நேராக லேப்டாப்பில் சொருகிவிடலாம்.

திரை வராவிட்டால் ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள். டாக்கின் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி அரை நிமிஷம் விட்டுச் சொருகுவது முதல் வைத்தியம், சிரிக்காதீர்கள், நிறைய முறை அதுவே போதும். அடுத்து லேப்டாப்பின் வேறு யூஎஸ்பி-சி போர்ட், அடுத்து கேபிள், அடுத்து ஒரே ஒரு மானிட்டர் மட்டும்.

ஒரு விசித்திரமான கோளாறும் இருக்கிறது: டாக் வந்த நாளிலிருந்து வயர்லெஸ் மவுஸ் இழுத்து இழுத்துப் போகும். பேட்டரி மாற்றுவோம், மவுஸே மாற்றுவோம், சரியாகாது. வேகமான யூஎஸ்பி 3 போர்ட்டும் கேபிளும் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும், மவுஸின் குட்டி ரிசீவர் கேட்பதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் 2012-இலேயே இதை அளந்து எழுதிவைத்திருக்கிறது. ரிசீவரை டாக்கின் பின்பக்கத்திலிருந்து எடுத்து, ஒரு சின்ன நீட்டிப்புக் கேபிளில் மாட்டி, மவுஸுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

எல்லாம் ஓட ஆரம்பித்ததும் டாக்கோடு வந்த அந்தக் கேபிளின் கழுத்தில் ஒரு துண்டு வண்ண டேப் சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் யாராவது அதை எடுத்துக் கைபேசிக்குச் சார்ஜ் போட்டுவிட்டு, கைபேசிக் கேபிளைக் கொண்டுவந்து டாக்கில் சொருகிவிட்டுப் போவார்கள்.